கோழிக்குத் தைராய்டு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: பரமத்தி வேலூர் பக்கம் எட்டாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிறேன். 44 வாரம் ஆகிறது. முட்டை 90 சதவீதத்துக்குக் குறையவில்லை. ஆனால் மார்ச் கடைசியிலிருந்து தினமும் மூன்று, நான்கு கோழி திடீரென்று செத்துக் கிடக்கிறது. முதல் நாள் சாயங்காலம்வரை நன்றாகத் தின்ற கோழிதான். கொண்டை வெளுத்துப்போயிருக்கிறது. அறுத்துப் பார்த்தால் வயிறு முழுக்க ரத்தக் கட்டி, ஈரல் மஞ்சளாகி, அழுத்தினாலே நொறுங்குகிறது. நவம்பரில் முட்டை எடை ஏறட்டும் என்று 100 கிலோ தீவனத்துக்கு 58 கிலோவாக இருந்த மக்காச்சோளத்தை 64 கிலோ ஆக்கித் தவிட்டைக் குறைத்தேன். அதற்குப் பிறகு ஃபார்முலாவை மாற்றவில்லை. என் மனைவிக்குத் தைராய்டு குறைவு, ஸ்கேனில் ஈரலில் கொழுப்பும் இருக்கிறது. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் மச்சான், “கோழிக்கும் அதேதான் இருக்கும், டெஸ்ட் எடுத்துப் பாருங்க” என்றார். இரண்டு கோழியைக் கூடையில் வைத்து டவுனுக்கு பைக்கில் கொண்டுபோய், பதினொரு மணிக்கு ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தோம். டி4 1.1 என்று வந்து, பக்கத்தில் ‘குறைவு’ என்று போட்டிருக்கிறது. டி3 0.8. டிஎஸ்ஹெச் கிட்டத்தட்ட இல்லை. தைராய்டு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீர்த் தொட்டியில் கலக்கலாமா? எத்தனை மாத்திரை? பெயர் வேண்டாம்.

பதில்:

வேண்டாம். ஒரு மாத்திரைகூடக் கலக்காதீர்கள். ஏற்கெனவே கலந்திருந்தால் தொட்டியைக் காலி செய்து, பைப்லைனை அலசிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

முதலில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுவோம். உங்களைப் பயமுறுத்தியது அதுதான். டி4 என்பது தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ஹார்மோன். அதற்குப் பக்கத்தில் ‘குறைவு’ என்று அச்சாகியிருக்கிறதே, அது மனிதருக்கான அளவுகோலை வைத்துச் சொன்னது. நம் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 5 முதல் 12 மைக்ரோகிராம்வரை டி4 இருக்கும். கோழியின் ரத்தத்தில் இயல்பாகவே 0.5 முதல் 1.5 வரைதான் ஓடும். உங்கள் கோழியின் 1.1 கோழிக்குச் சரியான அளவு. நாமக்கல்லில் உள்ள அத்தனை ஷெட்டிலிருந்தும் ஒவ்வொரு கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த மெஷின் ‘குறைவு’ என்றுதான் அடிக்கும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. தைராக்ஸினை ரத்தத்தில் இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளவென்றே மனிதருக்கு ஒரு புரதம் உண்டு. கோழிக்கு அது கிடையாது. அதனால் நம் உடம்பில் இருக்கும் தைராக்ஸின் பாதியாகக் குறைய ஒரு வாரம் பிடிக்கும், கோழியின் உடம்பில் சில மணி நேரம் போதும். கோழி கையிருப்பு வைத்துக்கொள்ளாமல் அவ்வப்போது சுரந்து, அவ்வப்போது செலவழிக்கிற ஜீவன். தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்சின் எண்ணை மறந்தே விடுங்கள். அந்த கிட் மனித டிஎஸ்ஹெச்சைப் பிடிக்கச் செய்தது, கோழியுடையது அதன் கண்ணில் படாது.

டி4இலிருந்து உருவாகி உடம்பில் வேலை செய்யும் ஹார்மோனான டி3 மட்டும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ரத்தம் எடுத்த விதத்தை யோசித்துப் பாருங்கள். காலைத் தீவனத்திலிருந்து பிடித்து, கூடையில் அடைத்து, ஏப்ரல் வெயிலில் பைக்கில் கொண்டுபோயிருக்கிறீர்கள். பட்டினி டி3ஐ இறக்கும். வெயில் இறக்கும். பயத்தில் சுரக்கும் கார்டிகோஸ்டிரோனும் இறக்கும். மூன்றும் சேர்ந்த பிறகு வந்த எண் அது. அதை வைத்துச் சுரப்பியைக் குற்றம் சொல்ல முடியாது.

சுரப்பியை நேரிலேயே பார்த்துவிடலாம். அடுத்த முறை செத்த கோழியை அறுக்கும்போது வயிற்றோடு நிறுத்தாமல், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் தோலை விலக்குங்கள். நமக்குத் தொண்டைக்குழிக்கு மேலே இருப்பது கோழிக்கு நெஞ்சுக்கூட்டின் வாசலில் இருக்கும். மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும், பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி, கருஞ்சிவப்பாகப் பளபளவென்று சின்ன வேர்க்கடலைப் பருப்பு மாதிரி ஒன்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் தைராய்டு. அயோடின் இல்லாமல் தவித்தால் அது வீங்கிக் கழலையாகத் தெரியும். முட்டைக்கோழிக்கு ஒரு கிலோ தீவனத்தில் 0.035 மில்லிகிராம் அயோடின் போதும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994ஆம் ஆண்டு அட்டவணை சொல்கிறது. நாம் போடும் தாது பிரிமிக்ஸில் அதைப்போல் பல மடங்கு இருக்கிறது. கடுகுப் புண்ணாக்கை அளவில்லாமல் போட்டாலோ, பிரிமிக்ஸே போட மறந்தாலோ தவிர அயோடின் குறைய வழியில்லை. நான் அறுத்த ஆயிரக்கணக்கான முட்டைக்கோழிகளில் கழலை பார்த்ததாக ஞாபகமே இல்லை.

சரி, சுரப்பி நன்றாக இருக்கிறது என்றால் ஈரல் ஏன் இப்படி ஆனது?

இது கொழுப்பு ஈரல் ரத்தக்கசிவு நோய். இதை நான் முதலில் கையால் தொட்டது வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கோடையில். ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தீவனச் சாக்கை விரித்து அறுத்தோம். தோலை உரித்ததும் அடிவயிற்றில் இரண்டு விரல் தடிமனுக்குக் கொழுப்பு. அதை விலக்கினால் ஈரலின் மேல் ஜெல்லி மாதிரி ரத்தக்கட்டி. அதை வழித்து எடுத்தேன். அடர்ந்த செம்பழுப்பாக இருக்க வேண்டிய ஈரல் பழைய வெண்ணெய் நிறத்தில் இருந்தது. கத்தி வைத்தால் அறுபடாமல் பிதுங்கியது, கத்தியின் இரண்டு பக்கமும் எண்ணெய் மினுமினுத்தது. அந்தக் கோழியின் கருப்பையில் ஓடு முழுக்கக் கட்டிய முட்டை ஒன்று வெளியே வரத் தயாராக இருந்தது. உயிர் போகிற நாள்வரை வேலை செய்திருக்கிறது. அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

உங்கள் கோழிகளும் அப்படித்தான். முட்டை குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நோயின் குணமே அதுதான். சோப்ளாங்கிக் கோழிக்கு இது வராது, நன்றாகத் தின்று நன்றாக இடுகிற கோழிக்குத்தான் வரும். 1956இல் டெக்சாஸில் கௌச் என்பவர் கொழுப்பு ஈரல் என்று இதை எழுதிவைத்தார். 1972இல் வோல்ஃபோர்டும் போலினும் ரத்தக்கசிவையும் பெயரில் சேர்த்தார்கள். காய்ந்த எடையில் பார்த்தால் ஈரலில் 40 சதவீதத்துக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும், சில கோழிகளில் 70 சதவீதம்வரை போகும். அந்த ஈரலுக்கு வலு ஏது? முட்டையிட முக்கும்போது, கூண்டில் படபடக்கும்போது, உறைக்கு அடியில் கிழிந்து ரத்தம் கொட்டிவிடும். கொண்டை வெளுப்பது அதனால்தான்.

இங்கே கோழியின் ஈரலைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பன்றிக்குக் கொழுப்பு பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே தயாராகிறது. பறவைக்கு அப்படி இல்லை. தின்ற மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் வேலை ஏறக்குறைய முழுவதும் ஈரலுடையது. அடிவயிற்றுக் கொழுப்பு வெறும் கிடங்கு, சரக்கு கட்டும் இடம் ஈரல். கட்டிய கொழுப்பைப் புரதத்தில் பொதிந்து ரத்தத்தில் அனுப்பினால்தான் அது கிடங்குக்கோ, மஞ்சள் கருவுக்கோ போய்ச்சேரும். முட்டையிடும் கோழியின் ரத்தத்தை ஒரு டியூபில் நிற்க வைத்துப் பாருங்கள், மேலே தெளியும் நீர் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும். அனுப்பப்படும் சரக்கு அது.

ஒரு முட்டையில் ஐந்தாறு கிராம் கொழுப்பு இருக்கிறது. ஒன்றரைக் கிலோ கோழி அதைக் கிட்டத்தட்ட தினமும் ஈரல் வழியாகத் தயாரித்து அனுப்புகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் இதே விகிதத்தில் செய்ய வேண்டும் என்றால் தினமும் 200 கிராமுக்கு மேல் கொழுப்பு கட்டி அனுப்ப வேண்டும். இந்தப் பெரிய வேலைக்கு ஈரலை முடுக்கிவிடுவது சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன். சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் அதன் ரத்தமும் பால் மாதிரி ஆகிவிடும், ஈரலும் கொழுத்துவிடும். ஆக முட்டைக்கோழியின் ஈரலில் கொஞ்சம் கொழுப்பு இருப்பது நோயல்ல. உள்ளே வருவது வெளியே போவதைவிட நாள்கணக்கில் அதிகமாகிக்கொண்டே போனால்தான் நோய்.

இப்போது தைராய்டுக்கு வருகிறேன். உங்கள் மச்சான் நினைத்ததில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

தைராய்டு இல்லாத கோழி கொழுக்கும், அது நிரூபணமான விஷயம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோல் என்பவர் வெள்ளை லெகார்ன் கோழிகளில் ஒரு தனி வம்சத்தைப் பிரித்து வளர்த்தார். 1966இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். குஞ்சு பொரித்த சில வாரங்களிலேயே அவற்றின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்கள் தைராய்டைத் தாக்கி அழித்துவிடும். உருவம் சின்னது, இறகு பட்டு நூல் மாதிரி நீளமாகத் தொங்கும், உடம்புக்குள்ளே கொழுப்பு அடைத்துக்கொள்ளும், ரத்தத்திலும் கொழுப்பு ஏறும். அதனால் பருத்த வம்சம் என்றே பெயர். தீவனத்தில் தைராக்ஸின் சேர்த்தால் அவை சாதாரணக் கோழியாக வளர்ந்தன. தைராய்டு குறைந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா, அந்த இறகைப் பாருங்கள். உங்கள் கோழிகளுக்கு அப்படிப் பட்டு இறகு இருக்கிறதா? முட்டை 90 சதவீதம் இருக்குமா? இருக்காது.

இன்னொரு பாதிதான் சுவாரசியமானது. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த விஷயம் என்றுகூடச் சொல்வேன். தைராய்டு ஹார்மோன் கொழுப்பை எரிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பறவை ஈரலில் அதே டி3 கொழுப்பைக் கட்டவும் செய்கிறது.

இதைக் குஞ்சில் பார்க்கலாம். முட்டைக்குள் இருக்கும் கரு 21 நாளும் மஞ்சள் கருவின் கொழுப்பை எரித்தே வாழ்கிறது. அதன் சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் கொழுப்பிலிருந்துதான். அப்போது ஈரல் சொந்தமாகக் கொழுப்பு கட்டுவதே இல்லை, கட்ட அவசியமும் இல்லை. ஒருநாள் குஞ்சை அறுத்தால் ஈரல் நல்ல மஞ்சளாக இருக்குமே, அது மஞ்சள் கருவிலிருந்து வந்த கொழுப்பு. அதைப் பார்த்து நோய் என்று பயந்து போன் செய்யும் பண்ணையாளர்கள் உண்டு. அது இயல்பு, சில நாளில் நிறம் மாறிவிடும். குஞ்சு ஓட்டை உடைக்கும் சமயத்தில் ரத்தத்தில் டி3 சரசரவென்று ஏறுகிறது. பிறகு மக்காச்சோள மாவு வயிற்றுக்குள் போனதும் இரண்டொரு நாளில் ஈரல் தலைகீழாக மாறி, மாவுச்சத்தைக் கொழுப்பாக்கும் தொழிற்சாலை ஆகிவிடுகிறது. தீவனம் கொடுக்காமல் வைத்தால் அந்த மாற்றம் நடப்பதில்லை.

கோழிக் கருவின் ஈரல் அணுக்களைத் தட்டில் வளர்த்து ஆலன் குட்ரிட்ஜ் என்பவர் 1970களில் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். அணுக்களுக்கு டி3யும் இன்சுலினும் சேர்த்துக் கொடுத்தால் கொழுப்பு கட்டும் என்சைம்கள் பல மடங்கு பெருகின. பசியில் சுரக்கும் குளுககானைச் சேர்த்தால் உடனே அடங்கின. மாலிக் என்சைம் என்று ஒன்று உண்டு. கொழுப்பு கட்டத் தேவையான சக்தியை, என்ஏடிபிஹெச் என்ற வடிவில், பறவை ஈரலுக்குப் பெரும்பாலும் தருவது அதுதான். அதன் சுவிட்சிலேயே டி3யின் கை இருக்கிறது. டி3 ஈரல் அணுவின் கருவுக்குள் போய், தனக்கான ஏற்பியோடு சேர்ந்து, மரபணுவின் வாசலில் உட்கார்ந்து அதை இயக்குகிறது. கொழுப்பு அமிலத்தை அடுப்புக்குள் அனுப்பும் என்சைமையும் அதே டி3 கூட்டுகிறது.

ஒரே கை கட்டவும் கட்டுகிறது, எரிக்கவும் எரிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? தீவனம் நிறைய வருகிறபோது வேலை வேகமாக நடக்க வேண்டும், உள்ளே வந்ததைச் சரக்காக்கவும் வேண்டும், கொஞ்சத்தைச் சூடாக்கிச் செலவழிக்கவும் வேண்டும். டி3 அந்த வேகத்தைக் குறிக்கிறது. கொழுப்பு சேருமா கரையுமா என்பதைத் தீர்மானிப்பது எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்ற கணக்கு.

அதைவிட முக்கியம், அந்த டி3யின் அளவை ஈரலே வைத்துக்கொள்கிறது. தைராய்டு சுரப்பி அனுப்புவது பெரும்பாலும் டி4. அதில் ஓர் அயோடினைக் கழற்றி, வேலை செய்யும் டி3 ஆக்கும் என்சைம் ஈரலில் இருக்கிறது. டி3யைச் செயலிழக்கச் செய்யும் இன்னொரு என்சைமும் அதே ஈரலில் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கோழிகளை வைத்து இதை வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். கோழியைப் பட்டினி போட்டால் ஈரலில் அந்த அழிக்கும் என்சைம் ஏறி, ரத்தத்தில் டி3 இறங்கும், டி4 ஏறும். மறுபடி தீவனம் போட்டால் எல்லாம் திரும்பும். வளர்ச்சி ஹார்மோன் அந்த அழிக்கும் என்சைமை அடக்கி வைக்கும். வளர்ச்சி ஹார்மோனை ஏற்க முடியாத குள்ளக் கோழி இனத்தில் டி4 சரியாக இருந்தும் டி3 குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது அதனால்தான். ஆக ரத்தத்தில் டி3 குறைவாக இருப்பதைப் பார்த்ததும் ‘சுரப்பி கெட்டுவிட்டது’ என்று முடிவு செய்யக்கூடாது. பெரும்பாலும் ஈரல் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஷெட்டில் நடந்ததை இதோடு பொருத்திப் பாருங்கள். நவம்பரில் மக்காச்சோளத்தை ஆறு கிலோ கூட்டித் தவிட்டைக் குறைத்தீர்கள். கிலோ தீவனத்துக்கு ஏறத்தாழ 80 கிலோகலோரி ஏறியிருக்கும். ஒரு கோழி 110 கிராம் தின்றால் நாளுக்கு ஒன்பது கிலோகலோரி கூடுதல். கேட்கச் சின்ன எண்தான். மார்கழிப் பனியில் அதில் ஒரு பகுதி உடம்புச் சூட்டுக்குப் போயிருக்கும். நான்கு மாதம் சேர்த்துப் பாருங்கள், ஆயிரம் கிலோகலோரிக்குப் பக்கம் வருகிறது. அதில் பெரும்பகுதி தங்கினால்கூட 80, 100 கிராம் கொழுப்பு. ஒன்றரைக் கிலோ கோழிக்கு அது சாதாரணம் இல்லை.

அப்புறம் மார்ச் கடைசியில் வெயில் ஏறியது. சூட்டில் கோழி தன் உடம்புக்குள் எரியும் தீயைத் தணிக்கப் பார்க்கும். டி3யை இறக்குவது அதற்கான வழிகளில் ஒன்று. உடம்பைச் சூடாக வைக்கச் செலவாகும் சக்தி குறைகிறது, எரிப்பு குறைகிறது. ஆனால் சினைப்பை ஈஸ்ட்ரோஜனை நிறுத்தவில்லை, மாவுச்சத்து வந்துகொண்டே இருக்கிறது, கூண்டில் நடக்க இடமும் இல்லை. கோழி கொஞ்சம் குறைவாகத் தின்றாலும் செலவு அதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது. மிச்சம் எங்கே போகும்? ஈரலில் தங்கும். இந்த நோய் கோடையில் தலைகாட்டுவதற்கு இதுதான் காரணம். டி3 இறங்கியது கோழி வெயிலில் பிழைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு.

இப்போது மாத்திரை கலந்தால் என்ன ஆகும்? சூட்டைத் தணிக்கப் போராடும் கோழியின் உடம்புக்குள் நீங்கள் அடுப்பைப் பற்ற வைக்கிறீர்கள். கறிக்கோழியில் தீவனத்தோடு டி3 கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அடிவயிற்றுக் கொழுப்பு குறைந்தது, ஆனால் வளர்ச்சியும் குறைந்தது. ஆக்சிஜன் தேவை ஏறி இதயத்தின் மேல் பாரம் விழும். கறிக்கோழியில் வயிற்றில் நீர் கோர்க்கும் நோயை ஆராய்ச்சிக்காக வரவழைக்கவே டி3யைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோழியில் தைராக்ஸின் ஏறினால் இறகு கொட்டும், முட்டை நிற்கும். 42 டிகிரி வெயிலில் இந்த மூன்றையும் எட்டாயிரம் கோழிக்குச் செய்ய மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. தாய்க்கோழியின் தைராய்டு ஹார்மோன் மஞ்சள் கருவுக்குள் போகும். குஞ்சின் ஆரம்ப வளர்ச்சிக்கென்று இயற்கையே அப்படி வைத்திருக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து ஊற்றினால் அதுவும் முட்டைக்குள் போகும். அந்த முட்டையைச் சாப்பிடுவது சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையாக இருக்கலாம், இதய நோயுள்ள ஒரு பெரியவராக இருக்கலாம். அந்தக் காரணம் ஒன்றே எனக்குப் போதும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக் காலை தீவனம் போடுமுன், வெயில் ஏறுமுன், ஷெட்டின் பல இடங்களிலிருந்து நூறு கோழியை மெதுவாகப் பிடித்து எடை போடுங்கள். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், முரட்டுத்தனமாகப் பிடித்தாலே ஈரல் கிழியும். உங்கள் இனத்துக்கான கையேட்டில் 44 வாரத்துக்கு என்ன எடை என்று பார்த்து, சராசரி 100 கிராமுக்கு மேல் கூடியிருந்தால் நான் சொன்ன கணக்கு சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஃபார்முலா. மக்காச்சோளத்தைப் பழைய 58 கிலோவுக்கு ஒரே நாளில் இறக்காதீர்கள், முட்டை படக்கென்று விழும். பத்து நாளில் இரண்டு இரண்டு கிலோவாக இறக்குங்கள். மொத்த சக்தியில் ஒரு பங்கைச் சோளத்துக்குப் பதில் எண்ணெயாகக் கொடுக்கச் சொல்கிறேன், 100 கிலோவுக்கு ஒன்று, ஒன்றேகால் கிலோ தவிட்டு எண்ணெய் அல்லது சோயா எண்ணெய். கொழுப்பு நோய்க்கு எண்ணெயா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. குடலிலிருந்து வரும் எண்ணெய், ஈரல் சொந்தமாகக் கொழுப்பு கட்டுவதை அடக்கும். மாவுச்சத்துதான் அதை முடுக்கும். ஆனால் எண்ணெய்க்குச் சமமான சக்தியைச் சோளத்தில் கழிக்காமல் மேலே மேலே ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் எண்ணெய் சேர்த்தால் சோளம் 58க்கும் கீழே இறங்க வேண்டும். ஃபீட் மில்லில் கணக்குப் போடச் சொல்லி, எண்களைக் கண்ணால் பார்த்த பிறகு கலக்குங்கள்.

ஈரலில் இருக்கும் சரக்கைப் பொதிந்து அனுப்பக் கோலின் என்ற சத்தும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் வேண்டும். டன்னுக்கு ஒரு கிலோ கோலின் குளோரைடு, 10,000 யூனிட் வைட்டமின் ஈ, 12 மில்லிகிராம் பி12 என்பது பழைய கணக்கு, மூன்று வாரம் கொடுத்துப் பார்க்கலாம். மெத்தியோனின் அளவு ஃபார்முலாவில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவை உதவும், ஆனால் சோளத்தைக் குறைக்காமல் இவற்றை மட்டும் கொடுத்தால் பணம்தான் போகும். ஈரல் டானிக் விற்க ஆள் வருவார்கள், அவர்களுக்கும் இதே பதில்தான்.

மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவன ஆய்வகம் இருக்கிறது. அஃப்ளாடாக்சினும் ஈரலை மஞ்சளாக்கும். ஆனால் அதில் கோழி இப்படிக் கொழுத்துத் தெரியாது, முட்டையும் தாக்குப்பிடிக்காது. உங்கள் விஷயத்தில் அது முதல் காரணம் என்று நான் நினைக்கவில்லை, இருந்தால் ஏற்கெனவே தள்ளாடும் ஈரலை அது இன்னும் கெடுக்கும். செத்த கோழி ஒன்றையும் அங்கேயே கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நான் கடிதத்தை வைத்துப் பேசுகிறேன், அவர்கள் ஈரலைக் கையில் வைத்துப் பேசுவார்கள்.

தீவனத்தை விடியற்காலையிலும் சாயங்காலமும் போடுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். பனி மாதிரி தண்ணீர் தூவும் ஃபாகர் இருந்தால் பதினொரு மணிக்கே ஓடட்டும். தண்ணீர் பைப் வெயிலில் காயாமல் சாக்கு சுற்றுங்கள். சாவு நாளைக்கே நிற்காது. கிழிந்து பாதி ஆறிய ஈரலோடு இன்னும் சில கோழிகள் ஷெட்டில் இருக்கும், மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை. மனிதரில் தைராய்டு குறைவுக்கும் ஈரல் கொழுப்புக்கும் தொடர்பு இருப்பது உண்மை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். தைராய்டு ஹார்மோன் உட்காரும் ஏற்பிகளில் ஈரலில் அதிகம் இருக்கும் வகையை மட்டும் குறிவைத்து, இதயத்தை அதிகம் தொந்தரவு செய்யாமல் வேலை செய்யும்படி அமைத்தது அது. கொழுப்பு ஈரல் முற்றித் தழும்பு விழுந்தவர்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுப்பது. அவர்கள் இப்போது சாப்பிடும் தைராக்ஸின் அதுவல்ல, அது குறைந்த சுரப்பை ஈடுகட்டும் மருந்து. காலையில் வெறும் வயிற்றில் விடாமல் சாப்பிடட்டும், ஈரல் கொழுப்பைப் பற்றித் தனியாக டாக்டரிடம் கேட்கட்டும். அவர்கள் டப்பாவிலிருந்து ஷெட்டுக்கு எதுவும் போக வேண்டாம்.

நூறு கோழியின் எடையைச் சராசரியாகப் போடாமல், ஒவ்வொன்றாக எழுதி அனுப்புங்கள். கூடவே இப்போதைய ஃபார்முலா முழுவதும், ஆய்வகம் சொன்ன அஃப்ளாடாக்சின் அளவும் வேண்டும். அவை வந்ததும் சோளத்தை எங்கே நிறுத்துவது என்று சரியான எண்ணாகவே சொல்கிறேன்.